‘அப்டேட்’ யார் சௌகரியத்திற்கு?

காலை ஷிப்டுக்கு வருகிறீர்கள். நேற்று நீங்கள் விட்டுச் சென்ற ரிங் பிரேம் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் நிறுத்தும் பித்தான் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்திற்குப் போய்விட்டது. பாபின் வைக்கும் இடத்தில் ஒரு சோப்பு விளம்பரம் தொங்குகிறது. மேஸ்திரியைக் கேட்டால், “ராத்திரி கம்பெனிக்காரன் வந்து மாற்றிவிட்டுப் போனான், எல்லாம் உங்கள் சௌகரியத்திற்குத்தானாம்” என்கிறார். எந்த மில்லிலாவது தொழிலாளிகள் இதைச் சகித்துக்கொண்டு வேலையைத் தொடங்குவார்களா? அன்று மாலையே கேட் முன்னால் கூட்டம் போட்டுவிடமாட்டார்களா?

மில்லில் நடக்காத இந்தக் காரியம், தோழர்களே, நம் சட்டைப் பைக்குள்ளே அடிக்கடி நடக்கிறது. ராத்திரி சார்ஜில் போட்ட கைப்போனை விடிந்து எடுத்துப் பார்த்தால் வேறு முகத்துடன் விழிக்கிறது. நேற்று இருந்த இடத்தில் எதுவும் இல்லை. யாரும் நம்மைக் கேட்கவில்லை. “புதிய பதிப்பு வந்திருக்கிறது” என்று ஒரு வரி வரும். பல சமயம் அதுவும் வராது.

“இதெல்லாம் படித்தவர்கள் பிரச்னை, நாற்று நடுகிறவனுக்கு இதில் என்ன?” என்று சிலர் கேட்கலாம். அப்படிக் கேட்கக்கூடிய காலம் மலையேறிவிட்டது. பட்டா பார்க்க வேண்டுமா, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமா, பி.எப். கணக்கில் முதலாளி பணம் கட்டினானா என்று தெரிய வேண்டுமா, பிள்ளையின் பரீட்சை முடிவு வேண்டுமா, எல்லாவற்றுக்கும் வலைத்தளம் என்று ஆகிவிட்டது. அந்த வலைத்தளத்தைத் திறந்து காட்டும் ஜன்னலுக்குத்தான் பிரௌசர் என்று பெயர். ஜன்னல் திறக்கவில்லை என்றால் சர்க்கார் ஆபீஸ் கதவே திறக்காத நிலைமை.

ஓ.டி.பி. விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். இதை அனுபவிக்காத உழைப்பாளி இன்று அபூர்வம். ஒரு மனுவைக் கைப்போனில் நிரப்புகிறோம். பெயர், தகப்பனார் பெயர், ஆதார் நம்பர், பாங்குக் கணக்கு நம்பர், எல்லாம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி முடிக்க அரை மணி நேரம். கடைசியில் ஆறு இலக்க எண் ஒன்று குறுஞ்செய்தியாக வருகிறது. அதைப் பார்க்க பிரௌசரை விட்டு வெளியே போகிறோம். எண்ணை மனதில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தால், பக்கம் புதிதாகத் திறந்து வெள்ளையாக நிற்கிறது. அரை மணி நேர உழைப்பு போச்சு. ஓ.டி.பி.யின் ஆயுளும் முடிந்தது. மூன்று தடவை இப்படி நடந்தால், “இன்று போய் நாளை வா” என்று தளமே தாழ் போட்டுக்கொள்கிறது.

நம்மவர்கள் பாவம், “எனக்குத்தான் கை வரவில்லை” என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். கை வராமல் இல்லை. மலிவான கைப்போனில் நினைவகம் குறைவு. பிரௌசர் ஒவ்வொரு பதிப்பிலும் பெருத்துக்கொண்டே போகிறது. வலைத்தளங்களும் படம், விளம்பரம், வேவு பார்க்கும் சரக்கு என்று மூட்டையைச் சுமந்துகொண்டே வருகின்றன. வேறு பக்கம் போன மாத்திரத்தில், இடம் போதாமல் போன் நம் மனுவைத் தூக்கி எறிந்துவிடுகிறது. விலை உயர்ந்த போன் வைத்திருப்பவருக்கு இது எப்போதோ ஒரு தடவை நடக்கும். இப்படிப்பட்ட பெரிய போன்களை மேஜைமேல் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள்தான் இந்த மென்பொருளை எழுதுகிறார்கள் என்பதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

இன்னொரு தந்திரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? “என்னையே உங்கள் முதன்மை பிரௌசராக ஆக்கிக்கொள்ளுங்கள்” என்று கேட்கிறான். பதில் சொல்ல இரண்டு பித்தான்கள். ஒன்று “சரி”. இன்னொன்று “வேண்டாம்” என்று இருக்க வேண்டும் அல்லவா? பல இடங்களில் அப்படி இருப்பதில்லை. “இப்போது வேண்டாம்” என்று இருக்கும். அதாவது நாம் மறுக்கும் உரிமையே அங்கே கிடையாது. தள்ளிப்போடும் உரிமை மட்டும்தான் உண்டு. நாளைக்கு மறுபடியும் கேட்பான். கந்துவட்டிக்காரனுக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது.

நம் சங்க ஆபீஸில் நடந்ததையும் சொல்லலாம். ஓய்வு பெற்ற பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மனு. கடைசி நாள், சாயங்காலம். பாதி நிரப்பியபோது கம்ப்யூட்டர் தானாக அணைந்து, “அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்” என்று நீலத்திரை காட்டியது. சதவிகிதம் 30ல் வந்து நின்றது. நாற்பது நிமிஷம் அந்தப் பெரியவர் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உயிர் வந்தபின் தளத்தைத் திறந்தால், “உங்கள் பிரௌசரின் இந்தப் பதிப்பில் இத்தளம் சரியாக இயங்காது” என்று வந்தது. பழைய பதிப்பில் காலையில் இயங்கியது. புதிய பதிப்பில் இயங்கவில்லை! அடுத்த தெருக் கடையில் வேறு கம்ப்யூட்டரில் போட்டு ராத்திரி பதினொன்றரைக்கு மனு போய்ச் சேர்ந்தது. அந்தக் கடை மூடியிருந்தால் அவர் கதி என்ன?

தொழிற்சங்கத் தோழர்களுக்கு 9-ஏ பிரிவு ஞாபகமிருக்கும். 1947ம் வருஷத்திய தொழில் தகராறு சட்டத்தில் 1956ல் சேர்க்கப்பட்டது. வேலை நிலைமைகளில் குறிப்பிட்ட மாறுதல்களைச் செய்ய விரும்பும் முதலாளி முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 21 நாள் கழியாமல் மாற்றக் கூடாது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பு எவ்வளவோ உரிமைகளைக் கத்தரித்தது. ஆனாலும் மாறுதலுக்கு முன் நோட்டீஸ் என்பதை அதிலிருந்தும் முழுக்க எடுத்துவிட முடியவில்லை. நம் கையிலுள்ள கருவியை மாற்றும் கம்பெனிக்கு மட்டும் நோட்டீஸும் கிடையாது, பேச்சுவார்த்தையும் கிடையாது.

இந்தத் தைரியம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பழைய கதை.

1994ன் கடைசியில் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்ற கம்பெனி பிரௌசரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே மைக்ரோசாப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டுவந்து, விண்டோஸுடன் ஒட்டவைத்து இனாமாகக் கொடுக்க ஆரம்பித்தது. பெரிய முதலாளி இனாம் கொடுத்தால் தூண்டிலில் புழு இருக்கிறது என்று அர்த்தம். நெட்ஸ்கேப் நசுங்கியது. 1998 மே மாதம் அமெரிக்க சர்க்கார் வழக்குத் தொடர்ந்தது. 2000ல் நீதிபதி ஜாக்ஸன் மைக்ரோசாப்டை இரண்டாகப் பிளக்க உத்தரவிட்டார். 2001ல் அப்பீல் கோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் தன் ஏகபோகத்தைக் காப்பாற்ற அந்தக் கம்பெனி சட்டவிரோதமாக நடந்துகொண்டது என்ற முடிவை மட்டும் ஊர்ஜிதம் செய்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. போட்டியாளன் ஒழிந்தான் அல்லவா? 2001 ஆகஸ்டில் எக்ஸ்ப்ளோரரின் 6வது பதிப்பு வந்தது. 7வது பதிப்பு எப்போது வந்தது தெரியுமா? 2006 அக்டோபரில். ஐந்து வருஷம்! ஓட்டைகள் நிறைந்த அந்தப் பிரௌசரை உலகம் முழுவதும் ஜனங்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். எந்தக் கம்பெனி இன்று “அடிக்கடி அப்டேட் செய்வது உங்கள் நன்மைக்கே” என்று உபதேசிக்கிறதோ, அது அன்று ஐந்து வருஷம் கைகட்டி உட்கார்ந்திருந்தது. பயர்பாக்ஸ் 2004ல் வந்து ஆட்களை இழுக்க ஆரம்பித்த பிறகுதான் அதற்குத் தூக்கம் கலைந்தது.

2008 செப்டம்பரில் கூகிள் கம்பெனி குரோமைக் கொண்டுவந்தது. இதன் வழி நேர் எதிர். சத்தமில்லாமல் பின்னால் இறங்கித் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும். 2010ல் ஆறு வாரத்திற்கு ஒரு பதிப்பு என்றார்கள்; 2021ல் நான்கு வாரம் என்று குறைத்தார்கள். ஒருவன் ஐந்து வருஷம் அசையவில்லை; இன்னொருவன் நாலு வாரத்தில் நிற்கவில்லை. பார்வைக்கு இரண்டும் வேறு. இரண்டிலும் கடிகாரம் முதலாளி கையில்தான் இருந்தது.

அப்டேட் என்ற பெயரில் நம் உரிமை எப்படிக் காணாமல் போகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு ருசு உண்டு. விண்டோஸ் வாங்குகிறவர்கள் தங்களுக்கு வேண்டிய பிரௌசரைத் தேர்ந்தெடுக்க ஒரு திரை காட்டுவதாக 2009ல் மைக்ரோசாப்ட் ஐரோப்பிய கமிஷனிடம் எழுதிக் கொடுத்தது. 2011ல் விண்டோஸ் 7க்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. அதோடு அந்தத் திரையும் மறைந்தது! 2012 ஜூலை வரை ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேருக்கு அது காட்டப்படவே இல்லை. “டெக்னிகல் தவறு” என்றது கம்பெனி. 2013 மார்ச்சில் கமிஷன் 56 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் போட்டது. தவறு ஏன் எப்போதும் கம்பெனிக்கு லாபமான பக்கமே சாய்கிறது என்று நாம் கேட்டால் அது குதர்க்கமா?

கூகிளுக்கு வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. ஆகவே குரோம் ஒரு விளம்பரக் கம்பெனியின் ஜன்னல். விளம்பரத்தை மறைக்கும் துணைக் கருவிகளைப் பலர் அதில் மாட்டி வைத்திருந்தார்கள். அதில் யூபிளாக் ஆரிஜின் என்பது பிரசித்தம், இனாமாகக் கிடைப்பது. விளம்பரம் வராவிட்டால் டேட்டா மிச்சம், பாட்டரி மிச்சம். துணைக் கருவிகளுக்கான விதிமுறைகளை மாற்றி, 2024 நடுவிலிருந்து 2025க்குள் அந்தக் கருவி குரோமில் செயல்பட முடியாமல் செய்துவிட்டார்கள். பாதுகாப்பை முன்னிட்டு என்பது கம்பெனியின் சமாதானம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடுதல் தொழிலில் கூகிள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று தீர்ப்பளித்தார். மற்றவர்களின் போனிலும் பிரௌசரிலும் தன் தேடுபொறியையே முன்னால் வைப்பதற்காக 2021ம் வருஷத்தில் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது என்று அந்த வழக்கில் வெளியாயிற்று. குரோமை விற்றுவிட வேண்டும் என்று அமெரிக்க சர்க்கார் கேட்டது. 2025 செப்டம்பரில் கோர்ட் அதற்குச் சம்மதிக்கவில்லை. நம் நாட்டிலும் 2022 அக்டோபரில் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு போன்களில் தன் சரக்கையே திணித்ததற்காகக் கூகிளுக்கு 1,337 கோடியே 76 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

இவ்வளவும் படித்துவிட்டு, “அப்படியானால் அப்டேட்டே வேண்டாம், நிறுத்திவிடுவோம்” என்று யாராவது கிளம்பினால், அது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற காரியம். 2017 மே மாதம் வானாக்ரை என்ற கிருமி 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டது, போடாதவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். பாங்குக் கணக்கு கைப்போனில் இருக்கும்போது, ஓட்டையுள்ள பிரௌசரை வைத்திருப்பது திறந்த வீட்டில் சம்பளப் பணத்தை வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போவது போலத்தான்.

ஆகவே விஷயம் இதுதான். அறுந்த மின்கம்பியைச் சரிசெய்ய பிட்டர் வருகிறார். வர வேண்டியதுதான், தாமதமில்லாமல் வர வேண்டும். கம்பியைச் சரிசெய்கிற சாக்கில் மிஷின் வேகத்தையும் கூட்டி, பித்தானையும் இடம் மாற்றி, விளம்பரப் பலகையும் மாட்டிவிட்டுப் போனால்? “கம்பி வேண்டுமென்றால் பலகையும் வேண்டும், இரண்டும் ஒரே மூட்டை” என்றால்? இந்த மூட்டையைப் பிரிக்க வேண்டும். ரிப்பேர் தனியாக வரட்டும், தானாகவே வரட்டும். முகத்தை மாற்றுவதும் புதுச் சரக்கு ஏற்றுவதும் வேறு. அதற்கு நம்மைக் கேட்கட்டும், “வேண்டாம்” என்ற பித்தானும் இருக்கட்டும். இதைச் செய்ய முடியாது என்று சொல்ல முடியாது. பெரிய ஸ்தாபனங்களுக்காகப் பயர்பாக்ஸே நீண்டகாலப் பதிப்பு ஒன்றை வெளியிடுகிறது: ஏறக்குறைய ஒரு வருஷத்திற்கு முகம் மாறாது, ஓட்டை அடைக்கும் வேலை மட்டும் நடக்கும். ஆபீஸ்களுக்குக் கிடைக்கிற நிம்மதி கூலிக்காரன் போனுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? (பயர்பாக்ஸும் பரிசுத்த ஆத்மா அல்ல. அதை நடத்தும் மோஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகிள் கொடுக்கும் பணம்தான்.)

அவசரமாகத் தள்ளப்படும் அப்டேட் எவ்வளவு நாசம் விளைவிக்கும் என்பதை 2024 ஜூலை 19ம் தேதி உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய பழுதான ஒரு அப்டேட்டில் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் பிரயாணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

கடைசியாக வயிற்றில் அடிக்கும் சமாசாரம். கருவி நன்றாக இருக்கும்போதே அதைக் கழித்துக் கட்டுவது. 2023 பிப்ரவரியிலிருந்து விண்டோஸ் 7, 8.1 கம்ப்யூட்டர்களுக்குப் புதிய குரோம் கிடையாது என்றார்கள். 2025 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 8, 9 உள்ள கைப்போன்களுக்கும் நிறுத்திவிட்டார்கள். அதே வருஷம் அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. அடுத்த விண்டோஸைப் போடலாமே என்றால், குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் ஏறக்குறைய 2018க்குப் பிந்திய பிராசசரும் வேண்டுமாம். திரை உடையவில்லை, பித்தான் தேயவில்லை; கழிவு என்று முத்திரை குத்தியாயிற்று. ஒரு விவசாயத் தொழிலாளி பல மாதக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய போன் இது. மண்வெட்டியின் காம்பு முறிந்தால் புதுக் காம்பு போடுகிறோம்; இரும்பை யாரும் தூக்கி எறிவதில்லை.

இதைத் தடுக்கவும் வழி இருக்கிறது. 2018ல் இத்தாலியின் போட்டி ஆணையம், அப்டேட் போடச் சொல்லிப் பழைய போன்களை மந்தமாக்கியதற்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய யூனியனில், ஒரு மாடல் போனின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். விண்டோஸ் 10க்கு மேலும் ஒரு வருஷப் பாதுகாப்பு வேண்டுமானால் பணம் கட்டு, அல்லது உன் கணக்கில் கம்பெனி கேட்கிற காரியங்களைச் செய் என்றது மைக்ரோசாப்ட். ஐரோப்பாவின் நுகர்வோர் அமைப்புகள் சண்டை பிடித்தன. 2025 செப்டம்பரில் அங்கே மட்டும் அந்த நிபந்தனைகளைத் தளர்த்தி இலவசமாகக் கொடுத்தது. அதே மென்பொருள், அதே கம்பெனி. அங்கே கேட்டார்கள், கிடைத்தது.

நம் சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியவை பெரிதாக ஒன்றுமில்லை. ஐரோப்பாவில் உள்ள ஐந்து வருஷச் சட்டம் இங்கேயும் வேண்டும். ஜனங்கள் மனுப் போடும் சர்க்கார் தளம் எதுவானாலும் ஏழு, எட்டு வருஷப் பழைய கைப்போனிலும் இயங்க வேண்டும், ஓ.டி.பி. பார்த்துத் திரும்பினால் எழுதியது அப்படியே இருக்க வேண்டும். தளம் கெட்டால் கடைசித் தேதி தானாகத் தள்ளிப்போக வேண்டும். கைப்போன் இல்லாதவருக்குக் காகித மனுவும் வேண்டும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் கைப்போன் செயலியில் தினம் இரண்டு தடவை படம் எடுத்துத்தான் வருகைப் பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் கிடைக்காமலும் செயலி முரண்டு பிடித்தும், உச்சி வெயிலில் மண் சுமந்தவர்கள் கூலி இழந்தார்கள். அந்த வருஷம் பிப்ரவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் அவர்கள் தர்ணா உட்கார நேர்ந்தது. செயலியின் குற்றத்திற்குக் கூலிக்காரன் ஏன் அபராதம் கட்ட வேண்டும்?

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். கழித்துக் கட்டப்பட்ட கம்ப்யூட்டர்கள் சங்க ஆபீஸ்களில் பல கிடக்கின்றன. அவற்றில் லினக்ஸ் போட்டால் பாதிக்கு மேல் உயிர் பெறும், செலவு கிடையாது. கேரளத்தில் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் வருஷக்கணக்காக அதில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் சென்னையிலேயே சி-டாக் ஸ்தாபனம் பாஸ் என்ற பெயரில் ஒன்றைத் தயாரித்தது. விஷயம் தெரிந்த இளம் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல் ஒதுக்கினால் போதும்.

ஒரு அபாயத்தைப் பற்றி எச்சரிக்கை. ஏதாவது வலைப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, “உங்கள் பிரௌசர் பழசு, உடனே அப்டேட் செய்யுங்கள்” என்று அந்தப் பக்கத்திலேயே பெரிய பித்தான் வந்தால் தொடாதீர்கள். திருடர்கள் இந்த வழியில் பல வருஷங்களாகக் கிருமியை இறக்குகிறார்கள். அப்டேட் வேண்டுமானால் பக்கத்தை மூடிவிட்டு, பிரௌசரின் சொந்த அமைப்புப் பகுதியிலோ, போனில் உள்ள ஆப் கடையிலோ போய்ப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் போலீஸ் அபராதம், பாங்குக் கடிதம் என்று சொல்லி வரும் செயலிக் கோப்பையும் திறக்கவே கூடாது. மனு எழுதும்போது ஓ.டி.பி. வந்தால் பிரௌசரை விட்டு வெளியே போகாமல், திரையின் மேலே ஓடுகிற செய்தியிலேயே எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான விவரங்களை முதலில் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. சந்தேகம் வந்தால் போனை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ச் சங்க ஆபீஸுக்கு வாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாராவது இருப்பார்கள்.